சென்னைக் குளத்தில் வெட்சூட்: கோபன்ஹேகன் ஐயர்ன்மேனுக்கு முன்பு ஒரு நிகழ்வு ஆய்வு

சென்னையில் நீந்திப் பழகி ஐரோப்பாவில் நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் சேர்ந்த ட்ரையத்லான் போட்டிக்குப் போகிறவர்களுக்கு ஒரு சிக்கல் உண்டு. அங்கே ஏரியும் கடலும் குளிரும். பெரும்பாலும் வெட்சூட் என்ற, உடம்போடு ஒட்டிய ரப்பர் உடையைப் போட்டுக்கொண்டுதான் இறங்க வேண்டியிருக்கும். இங்கே அதைப் போட்டுப் பழகத் தோதான தண்ணீரே கிடையாது. நீலாங்கரையிலும் கோவளத்திலும் கடல்நீர் 26 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். ஊட்டி, கொடைக்கானல் ஏரிகளில் படகு விடலாம், நீந்த முடியாது. மிச்சம் இருப்பது நீச்சல் குளம்தான். அதுவும் மே, ஜூன் மாதங்களில் 30 டிகிரியைத் தொட்டு நிற்கும்.

அதனால் பலர் சூட்டைப் பிரிக்காமலேயே விமானத்தில் கொண்டுபோய், போட்டிக்கு முந்தின நாள் அங்கே முதல்முறையாகப் போட்டுப் பார்க்கிறார்கள். அதைச் செய்யவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்பதை என்னிடம் பயிற்சி எடுத்த ஒருவரின் அனுபவத்தை வைத்து எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயரும் அலுவலகமும் இங்கே தேவையில்லை.

ஆளும் போட்டியும்

வயது 46, வங்கி அதிகாரி. உயரம் 171 செ.மீ., எடை 76 கிலோ. நாற்பதை நெருங்கும்போதுதான் அடுக்குமாடிக் குடியிருப்பின் குளத்தில் நீச்சல் கற்றுக்கொண்டார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை சாப்பிடுகிறார், கட்டுப்பாட்டில் இருக்கிறது. கோவாவில் நடக்கும் 70.3 போட்டியை, அதாவது மொத்தம் 70.3 மைல் தூரமுள்ள அரை ஐயர்ன்மேனை, ஏற்கெனவே முடித்தவர். அங்கே மிராமார் கடற்கரையில் 1.9 கி.மீ. நீச்சல், தண்ணீர் வெதுவெதுப்பு, வெட்சூட்டுக்கு வேலையில்லை. ஃப்ரீஸ்டைலில் 100 மீட்டருக்குச் சுமார் 2 நிமிடம் 15 வினாடி. கடலில் பதற்றம் வந்தால் தவளைபோல் காலை மடக்கி உதைக்கும் ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்கு மாறி, தலையைத் தூக்கி நாலு பக்கமும் பார்த்து, மூச்சு சீரானதும் மறுபடி ஃப்ரீஸ்டைலுக்குப் போவார். இந்தப் பழக்கத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் முக்கியமாக வரும்.

அடுத்து அவர் பதிவு செய்தது கோபன்ஹேகனில் ஆகஸ்ட் மாதம் நடக்கும் முழு ஐயர்ன்மேன். 3.8 கி.மீ. நீச்சல், 180 கி.மீ. சைக்கிள், 42.2 கி.மீ. ஓட்டம். நீச்சல் நகரத்தின் கிழக்கே அமாகர் ஸ்ட்ராண்ட்பார்க் என்ற கடற்கரைப் பூங்காவில், செயற்கைத் தீவுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் காயலில் நடக்கிறது. அலை குறைவு. ஆனால் கோடையிலும் தண்ணீர் 20 டிகிரியை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான் இருக்கும். நீச்சலை முடிக்க 2 மணி 20 நிமிடம் அவகாசம்.

ஐயர்ன்மேன் விதிப்படி தண்ணீர் 24.5 டிகிரி வரை இருந்தால் வெட்சூட் போடலாம். அதற்கு மேல் 28.8 வரை போட்டுக்கொண்டு நீந்தலாம், ஆனால் பரிசுக்கும் உலகப் போட்டி இடத்துக்கும் தகுதி போய்விடும். அதையும் தாண்டினால் தடை. ரப்பரின் தடிமன் எங்கேயும் 5 மி.மீ.க்கு மேல் இருக்கக் கூடாது. நெஞ்சிலும் தொடையிலும் 4, 5 மி.மீ. வைத்து, தோளிலும் கையிலும் ஒன்றரை, இரண்டு மி.மீ. அளவுக்கு மெல்லிசாக்கித் தைப்பார்கள். நியோப்ரீன் என்ற இந்த ரப்பருக்குள் நுண்ணிய வாயுக் குமிழ்கள் இருக்கின்றன. குளிரைத் தடுப்பதும் அவைதான், ஆளை மிதக்க வைப்பதும் அவைதான். அலைச்சறுக்கு வீரர்கள் 1950களிலிருந்தே வெட்சூட் போட்டுவந்தாலும், ட்ரையத்லானுக்கென்று தனியாக ஒன்றை அமெரிக்காவில் டான் எம்ஃபீல்ட் வடிவமைத்தது 1987-ல்தான். கையைச் சுழற்றி நீந்துகிறவருக்குத் தோள் மெல்லிசாக இருக்க வேண்டும் என்பது அதற்கு அப்புறம்தான் வழக்கமானது.

நம்மவர் இணையத்தில் அளவு அட்டவணையைப் பார்த்து ஒரு சூட் வாங்கினார். அவருடைய உயரமும் எடையும் இரண்டு அளவுகளுக்கு நடுவில் விழுந்தன. சிறியதை எடுத்தார். தொளதொளவென்று இருந்தால் தண்ணீர் உள்ளே புகுந்து ஓடும், குளிரும், பாரமும் ஆகும். ஆகவே அந்த முடிவில் தப்பில்லை.

இருபத்தைந்து மீட்டர்

குளத்தில் வெட்சூட் போடுவதற்கு முதலில் நிர்வாகத்திடம் பேச வேண்டும். நைலான் நீச்சலுடை தவிர வேறெதுவும் கூடாது என்று பலகை வைத்திருக்கிறார்கள், அது நியாயமான விதிதான். சூட் புதியது, கடல்மண் படாதது, ஷவரில் அலசிவிட்டுத்தான் இறங்குவோம் என்று எடுத்துச் சொன்னோம். காலை ஐந்தரைக்கு, கூட்டம் வருவதற்கு முன்னால் ஓரத்து லேனை ஒதுக்கித் தந்தார்கள். லைஃப்கார்டிடமும் விஷயத்தைச் சொல்லிவைத்தோம்.

சூட்டைப் போடவே அரைமணி நேரத்துக்குப் பக்கம் ஆயிற்று. உடை மாற்றும் அறையில் மின்விசிறி மட்டும்தான். வியர்வையில் ரப்பர் தோலோடு ஒட்டிக்கொண்டது. ஒருவழியாக ஜிப்பை இழுத்துவிட்டுத் தண்ணீரில் இறங்கினார். எதிர்ச் சுவரைத் தொட்டதும் நின்றுவிட்டார். முகம் சிவந்திருந்தது, கை கழுத்துப் பட்டையைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது.

"கோச், மூச்சு வர மாட்டேங்குது. யாரோ தொண்டையில கையை வெச்சு அழுத்துற மாதிரி இருக்கு. சைஸ் தப்பா எடுத்துட்டேன் போல."

"ஜிப்பைத் திறந்துடலாம் சார். மேலே வாங்க, உட்காருங்க. மூச்சு நிதானமாகட்டும், அப்புறம் பார்க்கலாம்."

இருபத்தைந்து மீட்டர், வெதுவெதுப்பான தண்ணீர், பக்கத்தில் சுவர், மேலே ஆள். இதே மூச்சுமுட்டல் காயலின் நடுவில், 19 டிகிரியில், சுற்றிலும் ஆயிரக்கணக்கானவர்கள் கையைக் காலை வீசிக்கொண்டிருக்கும்போது வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? குளத்துப் பயிற்சியின் முதல் பயன் இதுதான். வர வேண்டிய பதற்றம், வந்தாலும் பரவாயில்லை என்ற இடத்தில் வந்துவிடுகிறது.

மூச்சு அடங்கியதும் ஜிப்பைப் போட்டு நிற்கச் சொல்லி, இரண்டு கைகளையும் தலைக்கு மேலே தூக்கச் சொன்னேன். காரணம் உடனே தெரிந்தது. கவட்டையில் சூட்டுக்கும் உடம்புக்கும் நடுவே நாலு விரல் இடைவெளி. கணுக்காலில் ரப்பர் பாதத்தைத் தொட்டுக்கொண்டு சுருண்டு கிடந்தது. கால் பகுதி தேவைக்கு மேல் கீழேயே நின்றுவிட்டதால் மேல்பகுதிக்கு நீளம் போதவில்லை. கையைத் தூக்கும்போதெல்லாம் சூட் தோளைக் கீழே இழுக்கிறது, தோள் கழுத்துப் பட்டையைக் கீழே இழுக்கிறது, பட்டை தொண்டையில் பதிகிறது. நெஞ்சு விரியவும் இடமில்லை. ஆக, அவர் வாங்கிய அளவு சரியானதுதான். போட்ட விதம்தான் தப்பு.

கழுத்து இறுக்குகிறது என்று வருகிறவர்களில் பெரும்பாலோருக்கு விடை கழுத்தில் இல்லை, கவட்டையில் இருக்கிறது. கழுத்துப் பட்டையைக் கத்தரிக்கத் துடிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து வேண்டாம்.

போடும் விதம்

அடுத்த முறை வீட்டிலேயே ஏசி அறையில் உடம்பு உலர்ந்திருக்கும்போது இடுப்புவரை போட்டுக்கொண்டு காரில் வந்தார். அது பெரிய மாற்றம். மீதியைக் குளக்கரையில் சேர்ந்து செய்தோம். விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இதில் அவசரப்பட்டால் பின்னால் எதுவும் சரிவராது.

நகத்தை ஒட்ட வெட்டி, மோதிரத்தைக் கழற்றிவிட வேண்டும். நகம் பட்டால் நியோப்ரீனில் பிறைவடிவத்தில் கிழிசல் விழும். சிறியது என்றால் அதற்கான பசை போட்டு ஒட்டலாம், ஆனால் புதுச் சூட்டில் அந்தப் பிறையைப் பார்க்க மனசு ஆறாது. மெல்லிய பருத்திக் கையுறை போட்டுக்கொண்டால் இந்தப் பயமே இல்லை. ஜிப் முதுகுப் பக்கம் வர வேண்டும். காலில் ஒரு பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நுழைத்தால் பாதமும் குதிகாலும் வழுக்கிக்கொண்டு போகும், அப்புறம் பையை உருவிவிடலாம்.

பாதம் வெளியே வந்ததும் சூட்டின் விளிம்பைக் கணுக்கால் எலும்புக்கு மேலே நாலைந்து விரல் ஏற்றி நிறுத்த வேண்டும். அங்கிருந்து கெண்டைக்கால், முட்டி, தொடை என்று விரல் நுனியின் சதைப்பகுதியால் ரப்பரைக் கிள்ளிக் கிள்ளி மேலே ஏற்ற வேண்டும். மேல்விளிம்பைப் பிடித்து ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது. கவட்டையில் இடைவெளி துளியும் இல்லை என்று ஆகும்வரை இடுப்புக்குப் போகக் கூடாது. நம்மவர் இந்த இடத்தில் போதும் போதும் என்றார். இன்னும் இரண்டு விரல் ஏறியது.

கைக்கும் இதே கதைதான். விளிம்பு மணிக்கட்டு எலும்புக்கு மேலே நிற்க, மிச்ச ரப்பரையெல்லாம் முழங்கையைத் தாண்டித் தோளுக்குத் தள்ள வேண்டும். அக்குளில் காற்றுப்பை இருந்தால் ஒவ்வொரு கைவீச்சிலும் அது இழுக்கும். அப்புறம் தோள்பட்டைகளைப் பின்னால் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு நிற்க, இன்னொருவர் ஜிப்பை ஏற்றிவிட வேண்டும். கடைசியாகக் குனிந்து வயிற்றில் இருக்கும் மடிப்புகளை நெஞ்சை நோக்கித் தள்ளிவிட்டு நிமிர்ந்தால் நெஞ்சுக்கு இடம் கிடைக்கும்.

தண்ணீரில் இறங்கியதும் இன்னொன்று. கழுத்துப் பட்டையை முன்பக்கம் ஒரு விரலால் இழுத்துக் கொஞ்சம் தண்ணீரை உள்ளே விட வேண்டும். உடம்புக்கும் ரப்பருக்கும் நடுவில் அது மெல்லிய படலமாகப் பரவி, சூட் தோலோடு படிந்து உட்காரும். மிச்சத்தைக் கையால் அழுத்தி வெளியேற்றிவிடலாம்.

இப்படிப் போட்ட பிறகு அவர் நூறு மீட்டர் நீந்தினார். "இறுக்கம் இருக்கு, ஆனா மூச்சு வருது" என்றார். வெட்சூட் அப்படித்தான் இருக்க வேண்டும். முறையாகப் போட்ட பிறகும் நெஞ்சு நிறைய மூச்சிழுக்க முடியவில்லை என்றால் அப்போது அளவு தப்பு என்று முடிவுக்கு வரலாம். அந்தச் சோதனையை முடிந்தவரை நனைக்காமல் வீட்டிலேயே செய்துவிடுவது நல்லது. நனைந்த சூட்டைக் கடைக்காரர்கள் பொதுவாக மாற்றித் தர மாட்டார்கள்.

சூடு

முப்பது டிகிரி தண்ணீரில் வெட்சூட் போட்டு நீந்துவது ஆபத்தான காரியம். மழுப்பாமல் சொல்லிவிடுகிறேன். நீந்தும்போது தசைகள் உண்டாக்கும் வெப்பத்தைத் தண்ணீர்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும். ரப்பர் அதைத் தடுக்கிறது. வியர்த்தாலும் ஆவியாக இடமில்லை. நீச்சல் போட்டிக் குளங்களுக்கே 25 முதல் 28 டிகிரி என்றுதான் வைத்திருக்கிறார்கள், அதுவும் வெறும் நீச்சலுடைக்கு.

ஆகவே விதியைக் கண்டிப்பாக வைத்தோம். விடியற்காலை மட்டும்தான், ஏனென்றால் இரவு முழுக்க ஆறிய தண்ணீர் ஒன்றிரண்டு டிகிரி குறைந்திருக்கும். ஒரே மூச்சில் பத்து நிமிடத்துக்கு மேல் கிடையாது. அப்புறம் ஜிப்பைத் திறந்து இடுப்புவரை இறக்கிவிட்டு ஓரத்தில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க வேண்டும். வெட்சூட்டோடு இருக்கும் மொத்த நேரம் அரைமணியைத் தாண்டாது. தலை விண்விண் என்றாலோ, குமட்டினாலோ, கண் இருட்டினாலோ அன்றைக்குப் பயிற்சி முடிந்தது. தனியாக ஒருபோதும் கூடாது. சூட் மிதக்க வைக்கும்தான், ஆனால் மயங்கிக் குப்புறக் கிடப்பவரை அது நிமிர்த்தாது.

நீண்ட தூரம் எல்லாம் சூட் இல்லாமல்தான். வாரத்துக்கு நாலு நாள் குளம் என்றால் அதில் ஒரு நாளின் முதல் அரைமணி மட்டும் வெட்சூட்டுக்கு. உடம்பைத் தயார் செய்வது சாதாரணப் பயிற்சியின் வேலை. வெட்சூட் நேரத்தில் நாங்கள் தேடியது, இந்த உடை அவருடைய எந்தெந்தப் பழக்கங்களை உடைக்கிறது என்பதை.

உடைந்த பழக்கங்கள்

முதலில் கால் உதை. வயதுவந்து நீச்சல் கற்ற பலரைப் போல இவருக்கும் கால் கீழே தொங்கும். அதை மேலே வைத்திருக்கத் தொடர்ந்து காலை உதைத்துக்கொண்டே இருப்பார். சூட் போட்டதும் இடுப்பும் காலும் தானாக மேலே வந்துவிட்டன. அவருடைய பழைய உதை இப்போது தண்ணீருக்கு வெளியே காற்றில் அடித்தது. நுரைதான் வந்தது, முன்னேற்றம் இல்லை. உதையைப் பாதியாகக் குறைக்கச் சொன்னேன். அதே உழைப்புக்கு 100 மீட்டர் 2 நிமிடம் 3 வினாடிக்கு வந்தது. நெதர்லாந்தில் துசாங் குழுவினர் 1989-ல் வெளியிட்ட ஆய்வில், வினாடிக்கு 1.25 மீட்டர் வேகத்தில் வெட்சூட் நீரின் எதிர்ப்பை 14 சதவீதம் குறைப்பதாகக் கண்டார்கள். இவர் அதைவிட மெதுவாக நீந்துகிறவர். ஆனால் கால் தொங்குகிறவர்களுக்குச் சூட்டால் கிடைக்கும் ஆதாயம் அதிகம் என்பதைக் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. காலைச் சும்மா வைத்திருப்பது சைக்கிளுக்கும் ஓட்டத்துக்கும் சேமிப்பு.

அந்த ஆதாயத்துக்கு விலை தோளில். எவ்வளவு மெல்லிசாக இருந்தாலும் ஒவ்வொரு கைவீச்சிலும் ரப்பரை இழுக்கத்தான் வேண்டும். 25 மீட்டருக்கு இவர் 23 வீச்சு போடுவார். 3.8 கி.மீ. என்றால் சுமார் 3,500 வீச்சு. கையை உயரத் தூக்கி வளைத்து வீசும் பாணியை விட்டுவிட்டு, கொஞ்சம் நேராகவும் தாழ்வாகவும் வீசப் பழக்கினோம். அதோடு சுவர். 25 மீட்டர் குளத்தில் ஒவ்வொரு முறை திரும்பும்போதும் சுவரை உதைப்பது தோளுக்குக் கிடைக்கும் ஓய்வு. காயலில் சுவர் ஏது? அதனால் சூட் நேரத்தில் சுவரைத் தொடாமல், இரண்டு மீட்டர் முன்னாலேயே மிதந்தபடி திரும்ப வேண்டும் என்று வைத்தோம். மிதவையைச் சுற்றித் திரும்பவும் அதுவே பயிற்சி ஆயிற்று.

தலையைத் தூக்கி வழி பார்ப்பதிலும் ஒரு விஷயம். இடுப்பு மேலே மிதக்கும்போது தலையையும் முழுசாகத் தூக்கினால் கீழ்முதுகு வில்லாக வளையும், கொஞ்ச நேரத்தில் வலிக்கும். காகிள்ஸ் என்ற நீச்சல் கண்ணாடி மட்டும் நீருக்கு மேலே வந்தால் போதும், மூச்சைப் பக்கவாட்டில் எடுத்துக்கொள்ளலாம்.

இப்போது அந்த ப்ரெஸ்ட்ஸ்ட்ரோக். பதற்றம் வந்தால் என்ன செய்வீர்கள் என்று கேட்டு, குளத்தின் நடுவில் செய்துகாட்டச் சொன்னேன். வழக்கம்போல மாறினார். கால் நீருக்குள் போகவே இல்லை. குதிகால்கள் மேற்பரப்பைக் கிழித்துக்கொண்டு வெளியே வந்தன, முட்டியை மடக்க முடியாமல் ரப்பர் பிடித்தது, இடுப்பு மேலே போக முகம் தண்ணீருக்குள் போயிற்று. இரண்டு மிடறு குடித்துவிட்டு லேன் கயிற்றைப் பிடித்துக்கொண்டார். இத்தனை வருடம் கடலில் அவரைக் காப்பாற்றிய ஒரே உத்தி, அது மிகவும் தேவைப்படும் உடையில் வேலை செய்யவில்லை.

இந்த ஒரு நிமிடத்துக்காகவே குளத்தில் வெட்சூட் போட்டுப் பார்ப்பதை நான் எல்லோருக்கும் கட்டாயமாக்கியிருக்கிறேன். வேகம் கூடியதா குறைந்ததா என்பதெல்லாம் போட்டியன்று தெரிந்தால்கூடப் போதும். ஆபத்தில் கை தானாக எதைத் தேடும், அது அங்கே இருக்குமா என்பது முன்னாலேயே தெரிந்தாக வேண்டும்.

மாற்று எளிதானது. புரண்டு மல்லாக்கப் படுத்துக்கொள்வது. வெட்சூட்டில் மல்லாந்தால் எதுவும் செய்யாமலேயே மிதக்கலாம். முகம் வெளியே, காது தண்ணீரில், கை விரிந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டபடி. பிரிட்டனின் கடல்மீட்புப் படகு அமைப்பு பொதுமக்களுக்குச் சொல்லித்தருவதும் இதையேதான்: போராடாதே, முதலில் மித. ஆனால் தெரிந்திருந்தால் மட்டும் போதாது, பழைய உத்தியைக் கை மறக்க வேண்டும். நீந்திக்கொண்டிருக்கும்போது எதிர்பாராத நேரத்தில் கரையிலிருந்து விசில் அடிப்பேன். உடனே புரள வேண்டும், பத்து மூச்சு எண்ண வேண்டும், மறுபடி புரண்டு தொடர வேண்டும். ஆரம்பத்தில் விசில் கேட்டதும் காலை மடக்கினார். போகப் போக உடம்பே புரண்டது. தேவைப்பட்டால் கையைத் தூக்கிக் காட்டிக் காவல் படகைப் பிடித்துக்கொண்டு ஓய்வெடுக்கலாம், அதை வைத்து முன்னேறாதவரை விதி அனுமதிக்கிறது என்பதையும் மனசில் பதியவைத்தோம். அதைத் தெரியாமல் வெட்கப்பட்டுக்கொண்டு தவிக்கிறவர்கள் உண்டு.

கழற்றுவதையும் ஒவ்வொரு முறையும் பழகினார். தண்ணீரிலிருந்து ஏறியதும் ஜிப், நடந்தபடியே இடுப்புவரை, அப்புறம் ஒரு காலால் மிதித்துக்கொண்டு மறு காலை உருவுவது. போட்டியில் நேரத்தைப் பதிவு செய்யக் கணுக்காலில் கட்டும் சிப்புக்குப் பதிலாக இடது காலில் ஒரு வெல்க்ரோ பட்டையைக் கட்டிப் பார்த்தோம். சரியாக அங்கேதான் சிக்கியது. கணுக்காலிலும் பட்டையைச் சுற்றியும் வழுக்குக் களிம்பு தடவியதும் சரியாயிற்று. களிம்பில் பெட்ரோலியம் ஜெல்லி வேண்டாம், அது ரப்பருக்கு ஆகாது என்று பல தயாரிப்பாளர்களே சொல்கிறார்கள். கழுத்தின் பின்பக்கம் பட்டை உரசிச் சிவந்த கோடு விழுந்திருந்தது, அங்கேயும் தாராளமாகத் தடவ வேண்டும்.

குளோரின் ரப்பரைக் கெடுக்கும். ஒவ்வொரு முறையும் நல்ல தண்ணீரில் உள்ளும் புறமும் அலசி, உள்பக்கத்தை வெளியே திருப்பி நிழலில் காயவைத்தார். வெயிலில் நிறுத்திய காரின் டிக்கியில் போட்டுவைத்தால் சீக்கிரமே வீணாகிவிடும்.

குளம் சொல்லித்தராதது

குளிரைக் குளம் சொல்லித்தராது. குளிர்ந்த நீர் தோலில் பட்டதும் வாய் தானாகத் திறந்து மூச்சை இழுக்கும், பிறகு மூச்சு வேகவேகமாக வரும், இதயம் அடித்துக்கொள்ளும். முதல் அரை நிமிடத்தில்தான் அது உச்சம், இரண்டு மூன்று நிமிடத்தில் அடங்கிவிடும். பிரிட்டனின் போர்ட்ஸ்மத் பல்கலைக்கழகத்தில் மைக் டிப்டன் இதைப் பல வருடங்களாக ஆராய்ந்துவருகிறார். குளிர்ந்த நீரில் ஐந்தாறு முறை இரண்டு மூன்று நிமிடம் இறங்கியெழுந்தாலே இந்த அதிர்ச்சி நன்றாகக் குறைகிறது என்பது அவருடைய ஆய்வுகளின் நல்ல செய்தி. கவலைக்குரிய செய்தியும் உண்டு. உடம்பில் படும் குளிர் இதயத்தை விரைவுபடுத்த, முகத்தில் படும் குளிரும் அடக்கிய மூச்சும் அதை மெதுவாக்க முயல, இரண்டு கட்டளைகளும் ஒரே நேரத்தில் மோதினால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம் என்று அவரும் மைக்கேல் ஷாட்டக்கும் 2012-ல் எழுதினார்கள்.

அமெரிக்காவில் 1985 முதல் 2016 வரை ட்ரையத்லான்களில் நேர்ந்த மரணங்களையும் இதயம் திடீரென்று நின்றுபோன நிகழ்வுகளையும் தொகுத்து 2017-ல் வெளிவந்த ஆய்வில், விபத்துக் காயங்களை நீக்கிவிட்டுப் பார்த்தால், பெரும்பகுதி நீச்சலின்போதே நேர்ந்திருந்தது. பெரும்பாலோர் நடுவயது ஆண்கள். அதனால் ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடும் 46 வயதுக்காரரை இதய மருத்துவரிடம் அனுப்பாமல் நான் ஐஸ் தண்ணீர்ப் பக்கமே விட்டிருக்க மாட்டேன். ஈசிஜி, எக்கோ, டிரெட்மில் எல்லாம் பார்த்து மருத்துவர் சம்மதம் சொன்ன பிறகுதான் தொடங்கினோம். நீந்தும்போதே நுரையீரலில் நீர் கோக்கும் ஒரு நிலை உண்டு என்பதையும், இருமலும் இளஞ்சிவப்பு நுரையும் மூச்சிரைப்பும் வந்தால் உடனே நீச்சலை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும் என்பதையும் அவருக்கும் அவர் மனைவிக்கும் சொல்லிவைத்தோம். உயர் ரத்த அழுத்தமும் குளிர்ந்த நீரும் அதற்கு வழிசெய்யும் காரணங்கள்.

வீட்டு மொட்டைமாடியில் ஒரு பெரிய பிளாஸ்டிக் தொட்டி, ஐஸ் கட்டி, வெப்பமானி. 17 டிகிரிக்குக் கொண்டுவந்து கழுத்தளவு இரண்டு மூன்று நிமிடம், பக்கத்தில் மனைவி. முகத்தை நனைப்பது தனியாக, பிற்பாடு. முதலில் பேசவே முடியாமல் திணறியவர், சில நாளில் உள்ளே உட்கார்ந்து சாதாரணமாகப் பேசினார்.

போட்டி

வாரத்தின் நடுவிலேயே கோபன்ஹேகன் போய்ச் சேர்ந்து, காலை நேரத்தில் அமாகரில் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிப் பழகினார். போட்டியன்று தண்ணீர் 19 டிகிரி. கூட்டமாகக் குதிக்காமல் சிறுசிறு வரிசையாக அனுப்பும் தொடக்கம். முதல் இருநூறு மீட்டரில் ஒருவருடைய குதிகால் காகிள்ஸில் பட்டுத் தண்ணீர் புகுந்தது, மூச்சு ஏறியது. புரண்டார். பத்து மூச்சு எண்ணினார், காகிள்ஸைச் சரிசெய்தார், மறுபடி திரும்பினார். பிற்பாடு எனக்குத் தொலைபேசியில் சொன்னது: "கோச், புரளணும்னு நான் யோசிக்கவே இல்லை. வானம் தெரிஞ்சப்போதான் புரண்டுட்டேன்னே தெரிஞ்சது."

நீச்சல் 1 மணி 22 நிமிடம். சூட்டும் சிப்பில் சிக்காமல் வந்துவிட்டது. சிக்கியது வேறு இடத்தில். அவ்வளவு நேரம் குளிரில் இருந்த விரல்கள் மரத்துப்போய், ஹெல்மெட்டின் கொக்கியைப் பூட்ட முடியவில்லை. அதைப் பூட்டாமல் சைக்கிளைத் தொடக் கூடாது என்பது விதி. கையை அக்குளில் வைத்துச் சூடேற்றி, பூட்டி, கிளம்பினார். சைக்கிளும் ஓட்டமும் இந்த ஆய்வுக்கு வெளியே, இரவுக்குள் முடித்துவிட்டார்.

அடுத்து ஜூன் மாதத்து ஹாம்பர்க் போட்டிக்கு ஒரு பெண்மணி தயாராகிறார். அவருக்கு ஐஸ் தண்ணீரில் கையை முக்கி எடுத்துவிட்டு ஹெல்மெட் கொக்கி பூட்டும் பயிற்சியையும் சேர்த்திருக்கிறேன். பெண்களுக்கான வெட்டில் தைத்த சூட்டையே வாங்கச் சொன்னேன், ஏனென்றால் ஆண்கள் அளவில் எடுத்தால் நெஞ்சில் பிடித்து இடுப்பில் தொங்குகிறது. குளத்தில் வெட்சூட் நேரத்தை டிசம்பர், ஜனவரி விடியற்காலைகளுக்கே மாற்றிவிட்டோம். அப்போது கூரையில்லாத குளங்களில் தண்ணீர் 25 டிகிரிவரை இறங்குகிறது, பத்து நிமிடக் கட்டுப்பாட்டைக் கொஞ்சம் தளர்த்தலாம்.